விறைப்பான பட்டி

ஸ்பிரிங்வெளி தோட்டம்,
பதுளை.
14.09.2003

அன்புள்ள அத்தானுக்கு,

நிரஞ்சலா எழுதுவது. நானும் பிள்ளை சேந்தனும் இங்கே இருக்கிறோம். நீங்கள் அங்கே நல்லபடி இருக்க மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மாலைதீவிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் வேலைக்கு உங்களை உயர்த்திவிட்டார்கள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியாயிற்று. குளிக்க வெந்நீர் கேட்கிற மனிதரா என்று பெரியாயி அக்கா சிரிக்கிறார்.

காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டும் பட்டியை இனி நீங்களே வாங்க வேண்டுமாம். விறைப்பானது தோளை அறுக்கிறது, மெத்தென்றிருப்பது உடம்போடு படிந்து சுகமாக இருக்கிறது, எதை வாங்கட்டும், கூடை சுமக்கிற நீயே சொல் என்று கேட்டிருந்தீர்கள். கேலிக்குத்தான் கேட்டீர்கள். எனக்குப் பகீர் என்றது.

சொல்லாமல் விட நினைத்ததை இதற்காகச் சொல்கிறேன், பயப்படாமல் படியுங்கள். போன மாதம் மழையில் மலையில் விழுந்துவிட்டேன். கூடைக் கயிறு தலையில்தானே கிடக்கும்? சறுக்கினால் தலையைச் சாய்த்தால் போதும், கூடை தானாகக் கழன்றுவிடும். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, கூடை ஆடித் தேயிலைக் கொழுந்து கொட்டக் கூடாதென்று பழைய சேலையைக் கிழித்து, இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கோடு சேர்த்துக் கூடையைக் கட்டியிருந்தேன். பூப்போல இருந்தது. எல்லோரிடமும் காட்டிப் பெருமை வேறு அடித்தேன். நனைந்ததும் துணி உடம்போடு ஒட்டி, முடிச்சு இறுகிவிட்டது. கூடை என்னையும் இழுத்துக்கொண்டு வடிகானுக்குள் போனது. முகம் தண்ணீருக்குள். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. பக்கத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த சரவணமுத்து அண்ணன் ஓடிவந்து கத்தியால் அறுத்துத் தூக்கினார்.

இடது தோள் எலும்பில் வெடிப்பு. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஆறிக்கொண்டு வருகிறது, சேந்தனுக்குத் தலை வாரிவிட முடிகிறது. வேலைக்குத்தான் இன்னும் போகவில்லை.

அந்தத் தண்ணீருக்குள் எனக்கு உங்கள் நினைப்புத்தான் வந்தது. என்னை அறுத்துவிட ஓர் ஆள் இருந்தார். அவ்வளவு ஆழத்தில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் விறைப்பானதையே வாங்குங்கள். அது உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்கும், கையை உருவினால் வெளியே வந்துவிடலாம். வாங்குமுன் நன்றாக நனைத்துப் போட்டு, ஒரு தடவையாவது கழற்றிப் பாருங்கள். உங்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறவரிடமும் கேளுங்கள். தோள் அறுத்தால் அறுக்கட்டும். லீவில் வரும்போது நானே எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

நீங்கள் எதையும் விட்டுவிட்டு வராத ஆள். பஸ்ஸில் குடையை மறந்ததற்கே மொனராகலைக்குத் திரும்பிப் போனவர். கடலில் அந்தப் பிடிவாதம் வேண்டாம் அத்தான். ஏதாவது ஒன்று என்றால் பட்டி, சிலிண்டர், கம்பெனிச் சாமான் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு மேலே வந்துவிடுங்கள். வெறும் ஆளாக வந்தால் போதும் எனக்கு.

உங்கள்
நிரஞ்சலா