இரண்டாயிரம் ரூபாய் பேரம்

ஆகஸ்ட் 4. திண்டிவனம்.
வெயில். தார் ரோடு உருகி மூன்று பஸ்கள் ஒட்டிக்கொண்டன. இனி எழுதப்போவதை யாரும் நம்பமாட்டார்கள். இந்த நோட்டே நம்பாது.

பேங்க்குக்கு நானும் கலையும். தங்கை கோமதியின் மகள். நர்சிங் காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது. பீஸ் கட்டக் கடைசி நாள் 22. அப்பன் இல்லாத பிள்ளை, எனவே படிப்புக் கடனுக்கு அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போடும் மகாராஜா நான். மேனேஜர் அறை ஏசியில் என் மீசை உறைந்து விறைத்துவிட்டது. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பேருல ஒரு வண்டி லோன் பாக்கி நிக்குதுங்க. ஜாமீன் போட்டிருக்கீங்க."

கலையின் அப்பன், என் மச்சானின் பைக். அவன் போன பதினாறாம் நாளே நான் கட்டிய கடன். இரண்டு வருஷம் ஆச்சு.

"கட்டிட்டேங்க."

"கிரெடிட் ரிப்போர்ட்ல அப்படி இல்லியே. சரி பண்ணிக்கினு வாங்க."

பஸ் ஸ்டாண்டில் கலைக்குக் கரும்புச்சாறு. பாதி வைத்துவிட்டாள்.

ஆக. 5
ரசீது வேட்டை. டிரங்குப் பெட்டியில் கிடைத்தவை: மண்டிச் சீட்டுகள், சோழர் காலம் முதல். மச்சானின் கூலிங் கிளாஸ், ஒரு கண் இல்லை. காய்ந்த பல்லி. ரசீது.

கருமாதியன்று வழக்கப்படி எழுந்து நின்று கேட்டேன்: "எங்க மச்சான் யாருக்குனா பணம் தரணும்னா இப்பவே சொல்லிடுங்க." நாலாயிரம் பேர் கூடிய சபை. பைனான்ஸ் கம்பெனி வசூல்காரர் மட்டும் கை தூக்கினார். முப்பத்திரண்டாயிரம். நானோ முப்பது வருஷ மல்லாட்டைத் தரகன், வேர்க்கடலை மூட்டைக்கு விலை பேசியே வாழ்ந்தவன். கேட்ட விலையைக் கொடுத்தால் மண்டியில் மனுஷனாக மதிப்பார்களா? பிடித்தேன் பேரம். ஆறு மணி நேரம். அவருக்கு வேர்த்ததில் ஒரு போகம் நெல் விளைந்திருக்கும். இரண்டாயிரம் குறைத்தார். சபை சிரித்தது. கலைகூடச் சிரித்தாள்.

ஆக. 7. விழுப்புரம்.
கூட்டேரிப்பட்டில் பஸ் அரை மணி நின்றது. பைனான்ஸ் ஆபீஸ் கவுன்டரில் ஒரு பெண். ரசீதைப் பார்த்தாள்.

"பாக்கினு காட்றது எங்க தப்புதாங்க சார். மாத்திடுவோம். ஆனா 'முடிஞ்சது'னு வராது. 'செட்டில்டு'னுதான் வரும்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"இல்லீங்க. கொறைச்சுக் கட்டியிருக்கீங்க இல்ல. முழுசா கட்டலன்னு அர்த்தம். பேங்க்ல அத பாத்தா யோசிப்பாங்க."

என் வாழ்நாளின் மாபெரும் வெற்றிக்கு அப்படி ஒரு பெயர்.

"அந்த ரெண்டாயிரத்த இப்ப வாங்கிக்கம்மா. மேல வேணும்னாலும் போட்டுத் தர்றேன்."

முப்பது வருஷத்தில் இந்த வாயில் வராத வார்த்தை. வாங்கிக்கொண்டாள். நிலுவை இல்லை என்று கடிதம். ரிப்போர்ட்டில் ஏற ஒரு மாசம் ஆகுமாம்.

"இருபத்திரெண்டுக்குள்ள?"

"எங்க கையில இல்லீங்க சார்."

ஆக. 12
மழை. மேனேஜரிடம் கடிதம் காட்டினேன். "ரிப்போர்ட்ல வரட்டுங்க." கெஞ்சினேன். இதை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் தகும்.

ஆக. 19
மண்டி முழுக்கக் கைமாற்று கேட்டாயிற்று. சேர்ந்தது எட்டாயிரம். பீஸ் எழுபதாயிரம். கோமதி போனில்: "உடுண்ணா. நீ இன்னா பண்ணுவ."

ஆக. 22
காலேஜ் ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிட்டது. கரண்ட் இல்லை. சாப்பிடவில்லை.

செப். 9
ரிப்போர்ட் சரியாகிவிட்டது. 'முடிந்தது' என்றே இருக்கிறது. கலைக்குப் போன் போட்டேன். வளவனூரில் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

"கஸ்டமர் இருக்காங்க மாமா. அப்புறம் பேசறேன்."

கருமாதி பற்றி எழுதியது புளுகு. நாலாயிரம் பேர் இல்லை, நாற்பது. ஆறு மணி நேரம் இல்லை, ஆறு நிமிஷம். யாருக்கும் வேர்க்கவில்லை. கலை சிரிக்கவில்லை. நிஜமாக நடந்த ஒரு சின்ன விஷயத்தை எழுதாமல் விட்டேன். பேரத்தின் நடுவில் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முழுசா குடுத்துடு மாமா. அப்பா பேருல பாக்கி வேணாம்."