கூரை பார்க்க வந்த ஆபீசர்

பீடோங்,
கார்த்திகை, 1963.

அன்பு மகள் புஷ்பவள்ளிக்கு அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்துல இங்க நானும் அப்பாவும் செவலப் பசுவும் நல்லா இருக்கோம். குவாந்தான்ல நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்குற எங்க தங்கமும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு விளக்கேத்தும்போதெல்லாம் வேண்டிக்கிறேன். உன் கடுதாசி வந்துச்சு. கூரை இல்லாத வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படி அனுப்புறதுன்னு உன் மாமியார் கேட்டாங்களாம். கேட்டதுல தப்பில்ல, நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனாலும் தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிட்டு வர முடியலன்னா நான் என்ன தாய், அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல.

கூரை விஷயத்த முதல்ல இருந்து சொல்றேன், சிரிக்காமப் படி. புரட்டாசியில அடிச்ச காத்துல நம்ம தகரம் பறந்துபோய் ரப்பர் மரத்துல தொங்குனது உனக்குத் தெரியும். தோட்டத்து லயத்து வீடா இருந்தா அவங்களே மாத்திக் குடுத்திருப்பாங்க, இது நாமளே கம்பத்துல சொந்த நிலத்துல போட்ட வீடாச்சே, யார்கிட்டப் போய் நிக்கிறது. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி அரியரத்தினம் ஐயாதான், காத்துலயும் வெள்ளத்துலயும் வீடு போனவங்களுக்குக் கவர்மெண்டு உதவி குடுக்குது, மனு போடுங்கன்னு சொல்லி அவரே மலாய்ல எழுதியும் குடுத்தாரு. நல்ல வேளை, ஐசி கார்டு, பிறப்புப் பத்திரம், நிலத்துப் பட்டா கிராண்டு எல்லாத்தையும் நான் பிஸ்கட் டின்னுல போட்டு அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன், ஒரு காகிதம் நனையல. அதுக்காக என்னை எப்பவும் கேலி பண்ணுற உங்க அப்பா, அன்னைக்கு அந்த டின்ன அவரே நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போனாரு.

அலோர் ஸ்டார்ல இருந்து ஆபீசர் நேர்ல வந்து பார்ப்பாரு, அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கன்னு ஐயா சொல்லி அனுப்புனாரு. அப்பா என்கிட்டச் சொல்லவும் செஞ்சாரு, இல்லங்கல. நீயே சொல்லு, பெரிய மனுஷன் ஒருத்தரு முதமுதலா நம்ம வாசல மிதிக்கும்போது வீடு குப்பையும் கூளமுமாவா கிடக்கும்? பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்காவும் அதையேதான் கேட்டாங்க. ரெண்டு பேருமாச் சேர்ந்து சாணி தெளிச்சுக் கோலம் போட்டு, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு, மேல அத்தாப்பு ஓலை பரப்பி, ஓட்டை தெரியக்கூடாதுன்னு உன் கல்யாணத்துக்கு நான் கட்டுன சுங்குடிச் சேலைய மேக்கட்டி மாதிரி கட்டிட்டோம். ரப்பர் பால்மரம் சீவிட்டு வந்த அப்பா, யாருக்குக் கல்யாணம்னு கேட்டுட்டுத் தலையில கைய வச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு. அவிழ்க்க நேரமில்ல, ஐயாவும் ஆபீசரும் வாசல்ல வந்து நிக்கிறாங்க.

ஆபீசரு நல்ல மனுஷன் லா, சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. சுத்திப் பார்த்துட்டு, வீடு அழகா இருக்கு, பழுது பார்த்தாச்சு, இதைவிட மோசமான வீடுங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு மலாய்ல சொல்லிப் பேனாவ மூடிட்டாரு. அரியரத்தினம் ஐயா எவ்வளவோ எடுத்துச் சொன்னாரு, ஒண்ணும் எடுபடல. உங்கள யாரம்மா கூட்டிப் பெருக்கச் சொன்னதுன்னு என்னைப் பார்த்துப் பல்லைக் கடிச்சாரு. எனக்கு உன் முகம்தான் கண்ணு முன்னால வந்துச்சு. ஆனாலும் வந்தவர வெறும் வாயோட அனுப்பலாமா? குடுத்தாலும் சரி குடுக்காட்டியும் சரி, கோப்பி குடிச்சுட்டுத்தான் போகணும்னு உட்கார வச்சுட்டேன். பாதிக் கோப்பி குடிச்சிருப்பாரு, பிடிச்சுது பாரு மழை. மேக்கட்டிச் சேலை பசு மடி மாதிரி பெருத்துப் பெருத்துக் கீழ இறங்குது. எல்லாரும் அதையே பார்க்குறோம். டபக்குனு ஒரு பக்கத்து முடிச்சு அவுந்து அம்புட்டுத் தண்ணியும் அவரு தலையில. அவரு போட்டிருந்த சொங்கோக் தொப்பி கீழ விழுந்து உருளுது. அவரு அண்ணாந்து பார்த்தா, ஓலை விலகி மேல வானம் தெரியுது. நான் சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். அவரு முகத்தத் துடைச்சுட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, பாப்பம்மா அக்கா வீடு வரைக்கும் கேட்டுச்சு. "மக்சிக், இதை முதல்லயே காட்டியிருக்கலாமே" ன்னு சொந்த அத்தைகிட்டப் பேசுற மாதிரி சொல்லிட்டுப் பேனாவத் தொறந்தாரு.

தகரம் வந்து போட்டாச்சு. இனிமே காத்துக்கு அசையாம அப்பா கம்பி போட்டு விட்டத்தோட இழுத்துக் கட்டி, வீட்டுமேல சாஞ்ச காஞ்ச கிளையையும் வெட்டிட்டாரு. நேத்து நல்ல மழை. நீ படுக்கப்போற இடத்துல அப்பா பாயப் போட்டு மல்லாந்து படுத்து, மழை விடுற வரைக்கும் மேலயே பார்த்துக்கிட்டு இருந்தாரு. எழுந்திருச்சு, "ஒரு சொட்டு இல்ல, புள்ளைய வரச் சொல்லு" ன்னாரு. இதை அப்படியே உன் மாமியாருக்குப் படிச்சுக் காட்டு. அங்க மழை பிடிச்சா வெள்ளம் வந்து ரோடு மூடிடும், அதுக்குள்ள மாப்பிள்ளைய லீவு போடச் சொல்லிப் புறப்பட்டுடுங்க. அரிசி பருப்ப உயரத்துல ஏத்தி வச்சுட்டு வா, ஐசியும் கல்யாணப் பத்திரமும் டின்னுல போட்டுக் கையோட கொண்டு வா, மறந்துடாத. நீயும் உன் வயித்துப் புள்ளையும் நூறாண்டு நல்லா இருக்கணும். ஆபீசர் தலையில விழுந்த சேலை சாயம் போயிடுச்சு, ஆனா துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆயிடுச்சு, தூளிக்குன்னு மடிச்சு வச்சிருக்கேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா மருதம்மாள்