ஓம் என்று எழுதக் கூடாது

பாலையூற்று,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு

அன்பு மகள் தர்ஷனாவுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். அந்தக் குளிருக்குள்ளே நீ காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இப்போதுதான் மாதாவிடம் சொல்லிவிட்டு வந்து பேனையைப் பிடித்தேன். போனில் சொல்லத் தொடங்கினால் நான் சிரிக்கிற சிரிப்பில் உனக்கு ஒன்றும் பிடிபடாது, அதனால்தான் எழுதுகிறேன். என் ஒன்லைன் வகுப்பை மூடவில்லை, பிள்ளை. அப்பா நேற்றிலிருந்து என்னை மெடம் என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறார், இது எவ்வளவு காலத்துக்கோ தெரியாது.

முதலில் நடந்த வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். மூதூர், கிண்ணியா, சம்பூர் பக்கத்தில் தினமும் பட்டணத்துக்கு வந்து போக முடியாதவர்களுக்காகத்தானே கல்லூரியில் உணவுப் பதனிடல் டிப்ளோமாவை ஒன்லைனில் தொடங்கினோம், சிலர் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். பாதிப்பேர் சோதனையில் கோட்டை விட்டதும் அதிபர் இராகுலன் சேர் தானே ஒரு வகுப்பில் இருந்து பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியே இல்லை. எனக்கென்றால் கோபம், விளங்குதோ என்று கேட்கிற நேரமெல்லாம் ஓம் ஓம் என்று எழுதுகிறவர்கள் பிறகு ஏன் பெயில் விடுகிறார்கள் என்று. அப்படியிருக்க ஒருநாள் மீன் பழுதாவதைப் பற்றி வாய் வலிக்கப் படிப்பித்து முடித்து விளங்குதோ என்று கேட்டேன், வழமைபோல ஓம் மழை. அந்த நேரம் பின்னால் வந்த அப்பா, "மாகிரட், உம்மட மைக் பூட்டிக் கிடக்கு" என்றார். தொடக்கத்திலிருந்தே பூட்டித்தான் கிடந்திருக்கிறது, ஒருவருக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மைக்கைத் திறந்து, பிறகேன் ஓம் போட்டீங்கள் என்று கேட்டதற்குக் கிண்ணியாவிலிருந்து ரிப்கா நல்ல மரியாதையாகச் சொன்னாள், "மிஸ் கதைக்கிறத நிப்பாட்டிப்போட்டு எங்களப் பாத்தீங்க, அதால ஓம் போட்டனாங்க. கேக்கேல்ல எண்டு சொன்னா மிஸ்ஸுக்கு வெக்கமாப் போயிடும்தானே." நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன், அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஒன்லைனில் படிப்பிக்கிற நீ எத்தனை தரம் சொன்னாய், நீளமாகக் கதைக்காதீங்கோ அம்மா, விளங்குதோ என்று கேட்காதீங்கோ, கண்ணால் பார்க்கக்கூடிய வேலை ஒன்றைக் குடுங்கோ என்று. நான்தான் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று காதில் விழாத மாதிரி இருந்தேன். இனி வகுப்பில் ஓம் என்று எழுதக் கூடாது என்று சட்டம் போட்டேன். சிக்னல் இல்லாதவர்களுக்குப் பாடத்தை முன்கூட்டியே குரல்பதிவாக அனுப்பினேன். இராகுலன் சேர் வந்து இருந்த அன்று எல்லோரும் வீட்டிலிருக்கிற மீனைக் கமெராவுக்கு முன்னால் பிடித்துக் கண்ணையும் செவுளையும் காட்டி, நல்லதோ பழுதோ, ஏன் என்று சொல்ல வேண்டுமென்று வேலை குடுத்தேன். ரிப்காவின் முறை வந்தபோது அவளுடைய பூனை அந்தச் சூடை மீனைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அவள் போனும் கையுமாகத் துரத்த, நாங்கள் எல்லோரும் சேரோடு சேர்த்து அவள் வீட்டுக் குசினியும் கிணற்றடியும் கோழிக்கூடும் சுற்றிப்பார்த்து வந்தோம். அந்தக் கூத்துக்குள் சம்பூர்க் குணரத்தினம், "மிஸ், ஐஸில வச்ச மீனும் ஏன் பழுதாகுது, எனக்கு விளங்கேல்ல" என்றார். வகுப்பு தொடங்கின நாளிலிருந்து ஒருவர் வாயிலும் வராத சொல் அது. எனக்கும், எனக்கும் என்று மற்றவர்களும் சொல்ல, நான் சந்தோஷத்தில் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தேன், இராகுலன் சேரின் முகம் மட்டும் கறுத்துப்போனது. யாருக்குப் பதில் தெரியும் என்று வகுப்பிடமே கேட்டேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்த ரிப்கா, ஐஸ் கிருமியைக் கொல்லாது, வேகத்தைத்தான் குறைக்கும், குடலை எடுக்காமல் உருகின தண்ணீருக்குள் ஊற விட்டால் பழுதாகத்தான் செய்யும் என்று விளங்கப்படுத்தினாள். அதைக் குணரத்தினம் தன் சொல்லில் திருப்பிச் சொன்னார், ஒரு பிழையும் இல்லை. இராகுலன் சேர் மைக்கைத் திறந்து, "விளங்கேல்ல எண்டு துணிஞ்சு சொல்லுற வகுப்பை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். இதை நிப்பாட்ட ஏலாது" என்றார். பூனைக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்கிறார் அப்பா.

இப்போது உன்னிடம் வருகிறேன். சாப்பிட்டாயோ என்றால் ஓம் அம்மா, சுகமாக இருக்கிறாயோ என்றால் ஓம் அம்மா. போன மாதம் உன் குரல் அடைத்துக் கிடந்தது, தடிமன் என்றாய். அது தடிமன் இல்லையென்று எனக்குத் தெரியும், பிள்ளை. கேட்டால் உனக்கு வெட்கமாகப் போய்விடும் என்று நானும் ரிப்கா மாதிரி ஓம் போட்டுவிட்டுப் போனை வைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி உன் ஓமும் இந்த வீட்டில் செல்லாது. பிறிட்ஜைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, சாப்பிடுகிறாயோ இல்லையோ என்று நானே பார்த்துக்கொள்கிறேன். பிறகு ஆறுதலாகப் போன் எடுத்து, ஏலாது அம்மா என்று சொல்ல இருந்தால் சொல்லு. நான் நீளமாகக் கதைக்க மாட்டேன், என் மைக்கைப் பூட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாதாவின் கை எந்நேரமும் உன் தலையில் இருக்கட்டும். அப்பாவின் முத்தங்கள். படத்தை மறக்காதே.

உன்னைக் காணும் ஆசையோடு,
அம்மா மாகிரட்