எலி பிடித்த பொம்மை

சாலை பஜார்,
திருவனந்தபுரம்
12.8.1998

மகளுக்கு,

நீ விட்டுச்சென்ற நாய் நேற்று நம் அரிசிக் கிடங்கில் எலி பிடித்தது. உன் அம்மா கட்டிவிட்ட ரிப்பன்கூட அவிழவில்லை.

என் சம்மதமில்லாமல் நீ கட்டிக்கொண்டவன், கல்யாணத்துக்கு முன் அதை உனக்குத் தந்தபோது, பொம்மை என்று ஏசினேன்.

மிருக டாக்டரிடம் விசாரித்தேன். “பொம்மையில்ல அண்ணாச்சி, யார்க்‌ஷயர் டெரியராக்கும். ஸ்காட்லாந்துலேருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன நெசவாளிங்க கொண்டுபோன நாய்களோட வம்சம். மில்லுல எலி பிடிக்கதுதான் வேலை. எதிரி எவ்வளவு பெருசுன்னாலும் பயப்படாது, கேட்டோ” என்றார்.

இடி இடித்தால் வானத்தைப் பார்த்து ஏன் குரைக்கிறது? நான் ஏசினாலும் ஏன் என் காலடியிலேயே வந்து படுக்கிறது? உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, கூட்டிக்கொண்டு வா.

பெண் கேட்டு வந்த அன்று, அவரிடம் ஜாதியைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை.

அப்பா