இசக்கி கொண்டுவந்த கண்ணாடி

ஜன. 20, செவ்வாய்

காலையில் லேசான குளிர், புகைமூட்டம். செம்பூர் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரமே தெரியவில்லை. இருமல் விட்டபாடில்லை.

இன்றைய வேலை: தாராவித் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். எங்கள் மியூசியத்துக்கு இப்போது வந்திருப்பது ஊர் ஊராகப் போகும் கண்காட்சி. பழைய சீப்பு, மைச்சிமிழ், கைக்கண்ணாடி, நகைப்பெட்டி. அடுத்து நாக்பூர், அதற்கப்புறம் ராய்ப்பூர். அதையொட்டிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யச் சின்னதாக ஒரு கிராண்ட். பஸ், வடாபாவ், சார்ட் பேப்பர், அதோடு தீர்ந்தது. நிபந்தனை மட்டும் பெரிது: ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவந்து, அதைப் பற்றித் தாய்மொழியில் ஒரு சீட்டு எழுத வேண்டும்.

வந்தவை: இட்லித் தட்டு, ஓடாத வாட்ச், கிரிக்கெட் பந்து, தையல் மிஷின் பாபின். ஒரு பையன் டிவி ரிமோட்டைத் தூக்கி வந்துவிட்டான். அவன் அப்பா போனில் என்னைத்தான் பிடித்தார்.

இசக்கி என்று ஒரு பெண். கொண்டுவந்தது பச்சை பிளாஸ்டிக் சட்டம் போட்ட கைக்கண்ணாடி. ஓரத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் நிறம். அம்மா படுக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து அதில் ஒட்டுவாளாம், காலையில் மறுபடி வைத்துக்கொள்வாளாம். போன மழையில் அம்மாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஒட்டியது மேலே தனியாக இருக்கிறது. "இது கடைசிப் பொட்டு மிஸ்," என்று தொடாமல் காட்டினாள்.

சீட்டு எழுதும்போது, "இந்தியில எழுதட்டா மிஸ்? தமிழ்ல எழுத எனக்கு லேட்டாகும்."

"தமிழ்லதாம்மா எழுதணும். கிராண்டே அதுக்குத்தான் குடுத்திருக்காங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'இது எங்க அம்மா கண்ணாடி. பொட்டு எடுக்கக் கூடாது.'

எங்கள் சாமான்களுக்குக் கட்டுவது மாதிரியே பிள்ளைகள் சாமானுக்கும் நூல் கட்டி, அவர்கள் சீட்டோடு நம்பர் அட்டையும் போட்டேன். பெரிய ஹாலிலேயே ஓரமாக ஒரு மேஜை. கண்காட்சி முடிகிற வரை இருக்கும். "இப்ப இது மியூசியம் சாமானா மிஸ்?" என்றாள் இசக்கி. ஆமாம் என்றேன். எனக்கும் பெருமைதான்.

வாங்க: தேங்காய் எண்ணெய், டியூப்லைட், இருமல் மருந்து.

ஜன. 30, வெள்ளி

மூன்று நாள் காய்ச்சல், லீவு. இன்று போனால் ஹால் காலி. பெட்டிகளெல்லாம் நேற்றே லாரி ஏறிவிட்டன.

பிள்ளைகள் மேஜையில் இட்லித் தட்டு இருக்கிறது. வாட்ச் இருக்கிறது. பாபின்கூட இருக்கிறது. கண்ணாடி இல்லை.

குப்பைக் கூடை, மாடிப்படிக்குக் கீழ், ஸ்டோர், எல்லாம் பார்த்தாயிற்று. பெட்டி கட்டிய சாவந்த் சொன்னார், நம்பர் அட்டை இருந்ததாம், கண்ணாடிகள் போகும் பெட்டியில் அதையும் வைத்தாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டை கட்டியது நான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

பிப். 2, திங்கள்

வெயில் வந்துவிட்டது. ஸ்வெட்டரை மடித்து வைத்தேன்.

நாக்பூருக்குப் போன். கண்ணாடி அங்கே இருக்கிறது! உடையவில்லை. பெட்டி பிரிக்கிற பெண் சின்ன வயசு, மரியாதையான பேச்சு. கவலை வேண்டாம் மேடம், நன்றாகப் பார்த்து அனுப்புகிறோம் என்றாள். அப்பாடா. மாதா காப்பாற்றினாள்.

பள்ளிக்குப் போய் மற்றவர்கள் சாமான்களைக் கொடுத்தேன். இசக்கி கடைசியில் நின்றாள். தவறிப்போய் நாக்பூருக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றேன். அழுவாள் என்று பயந்தேன். சிரிக்கிறாள்.

"ரயில்லயா மிஸ் போச்சு? எங்கம்மா திருநெல்வேலியத் தவிர எங்கயுமே போனதில்ல."

பிப். 10, செவ்வாய்

பார்சல். மூன்று சுற்று பபிள் ஷீட். பிரித்தேன்.

பளபளவென்று இருக்கிறது. ஒரு பொட்டு இல்லை. சட்டத்து இடுக்கில் படிந்திருந்த குங்குமம்கூட இல்லை. என் முகம் மட்டும் அதில் பெரிதாக.

போன் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே உற்சாகம். "ரொம்ப அழுக்கா இருந்தது மேடம். பார்க்க வந்தவங்க யாரோ பொட்டெல்லாம் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. ஸ்பிரிட் போட்டு நானே உட்கார்ந்து எடுத்தேன்."

எடுத்த பொட்டு எங்கே என்று கேட்டேன். குப்பையில்தான் மேடம் என்றாள். அது என்றைக்கோ போயிருக்கும்.

"கூட ஒரு சீட்டு இருந்ததே?"

"அது பத்திரமா கவர் போட்டு உள்ளேயே வச்சிருக்கேன். என்ன மேடம் எழுதியிருக்கு? இங்க யாருக்கும் படிக்கத் தெரியல."

நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து அழும்.

இந்தியில் எழுதட்டா என்று கேட்டாளே. விட்டிருந்தால் நாக்பூர் வாட்ச்மேன்கூடப் படித்திருப்பான். தமிழில்தான் என்று நான்தான் பிடிவாதம். பாத்ரூமில் போய் அழுதேன்.

வெளியே வந்தால் எங்கள் மேடம்: "திருப்பிக் கொடுக்கும்போது பொண்ணு சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துடு. கிராண்ட் ரிப்போர்ட்டுக்கு நல்லா இருக்கும்."

பிப். 11, புதன்

குர்லாவில் வண்டி மாறி சயான், அங்கிருந்து நடை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சீட்டு என் கைப்பையில். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

இரும்பு ஏணி ஏறி மாடியில் ஒற்றை ரூம். அப்பா பேச்சிமுத்து, பெல்ட் பக்கிள் பட்டறை வேலை. நான் வருவதாகச் சொன்னதால் லீவு போட்டிருந்தார். கட்டிங் சாய் வாங்கி வைத்திருந்தார், அது வேறு.

இசக்கி கண்ணாடியை வாங்கினாள். பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

"இது எங்கது இல்ல மிஸ்."

சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினாள்.

"எங்கதுல பொட்டு இருக்கும். நான்தான் எடுக்கக் கூடாதுன்னு எழுதியே வச்சிருந்தனே. யாரும் எடுத்திருக்க மாட்டாங்கல்லா?"

அப்பா கண்ணாடியை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் ஸ்டவ் சூடு பட்டு உருகின தழும்பு ஒன்று உண்டு. கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டார்.

"ஆமாட்டி. மாறி வந்திருக்கு," என்றார்.

"அப்ப எங்கம்மாது இன்னும் அங்கதான் இருக்கா மிஸ்?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன்.

ஏணிக்குக் கீழே வரை கூடவே வந்தார். "கழுவிட்டாங்கன்னா தாங்க மாட்டா டீச்சர். எங்கனயோ இருக்குன்னு நெனச்சிட்டுப் போட்டும்." அப்புறம், "நானும் தெனம் அதுலதான் சவரம் பண்ணுவேன். அந்தப் பொட்டுல கை படாம."

மன்னிப்புக் கேட்டேன். டென்ஷன் எடுக்காதீங்க என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியை என்னிடமே கொடுத்துவிட்டார். போட்டோ எடுக்கவில்லை.

பிப். 18, சாம்பல் புதன்

கோவிலுக்குப் போய்விட்டு ஆபீஸ். சாமியார் நெற்றியில் பூசிய சாம்பல் வியர்வையில் வழிந்தது. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் பழக்கம் கிடையாது, கண்ணாடி எப்போதும் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும். சாயங்காலம் அதன் முன்னால் நின்றேன். முகம் கழுவ மனசு வரவில்லை.

கிராண்ட் ரிப்போர்ட் முடித்து அனுப்பியாயிற்று. பிள்ளைகள் வடாபாவ் தின்னும் போட்டோ. மேடத்துக்குத் திருப்தி.

பிப். 24, செவ்வாய்

பள்ளியில் சர்டிபிகேட் கொடுக்கப் போனேன். மின்விசிறி ஓடவில்லை. பாதிப் பிள்ளைகள் பெயரில் எழுத்துப் பிழை, பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.

வாசலில் இசக்கி காத்திருந்தாள்.

"கண்ணாடி இப்ப எந்த ஊர்ல மிஸ் இருக்கும்?"

"ராய்ப்பூர் போயிருக்கும்."

நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினாள். கோடு போட்டு, ஒரு அடித்தல் இல்லாமல், இந்தியில் அதே இரண்டு வரி.

"அங்க தமிழ் தெரியாதுல்லா மிஸ். இத அனுப்பி எங்கம்மா கண்ணாடிகிட்ட வைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி யாராவது எடுத்துருவாங்க."

வாங்கிக் கைப்பையில் வைத்தேன். முதல் சீட்டும் அதில்தான் இருந்தது.