காத்திருப்பில் இருநூற்றுப் பதினேழு

பிப்ரவரி 3, செவ்வாய்

லிஸ்டுக்கு நான் அமைத்த தேடல் வேலை செய்கிறது! ஐந்து வருஷத்து மெயில். இதுவரை ஒரு பழைய மெயில் வேண்டுமென்றால் மாதம் மாதமாகத் திறந்து, கண் எரிய எரிய உருட்ட வேண்டும். இன்று "ஆயில் லீக்" என்று அடித்தேன், நாற்பத்தாறு மெயில் மளமளவென்று வந்து விழுந்தது.

எங்கள் ஃபாக்டரியில் மெஷின் கோளாறை வாயால் சொல்லக்கூடாது, பாதுகாப்பு லிஸ்டுக்கு மெயில் போடணும். ஒன்று போட்டால் சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ் என்று முன்னூற்று நாற்பது பேருக்கும் போய்விடும். மேனேஜர் அசோக்குமார் சார், "பரவாயில்லையே ஜோதிமணி" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து இது வருவதே பெரிசு. என்னை நிரந்தரமாக்குவதைப் பற்றி மார்ச்சில் பேசலாமாம். என் வீட்டுக்காரர் ஆனந்துக்கு வேலை போய் மூன்று மாதம். மார்ச் வரட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

பிரஸ் ஷாப் திம்மப்பன் — போன மாதம் 22ஆம் தேதி தகடு அடிக்கும் நாலாம் பிரஸ்ஸில் வலது கையில் மூன்று விரல் போனவர். மெஷினில் கோளாறு என்று முன்னாடியே மெயில் போட்டேன் என்கிறாராம். விசாரணை நடக்கிறது. சார் என்னைத் தேடச் சொன்னார். பெயர் போட்டேன், மெஷின் நம்பர் போட்டேன், தேதி போட்டேன். பூஜ்யம். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாம கைய விட்டுட்டு இப்ப கதை விடறான்" என்றார். திம்மப்பனின் கவனக்குறைவு என்று முடித்து வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள்.

பிப்ரவரி 6

கையெழுத்து போட்டிருக்க வேண்டாமோ? இல்லாததை இல்லை என்றேன். அதில் என்ன தப்பு?

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கேட்டில் திம்மப்பன் மனைவி வெங்கடம்மா. கெலமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். போனை நீட்டினார். "பாருங்கம்மா, ஜனவரி ஒம்பதாம் தேதியே அனுப்பியிருக்காரு. போயிருக்குன்னு இதுல காட்டுதே. உங்க சாரு வந்து சேரலைன்றாரு."

வாங்கிப் பார்த்தேன். லிஸ்ட் முகவரி சரிதான். அனுப்பிய முகவரியைப் பார்த்தேன். புதுசு.

"நியூ இயருக்குப் புது போன் வாங்கினாரு. கடைக்காரரே புது ஐடி போட்டுக் குடுத்தாரு."

எல்லோரும் அப்படித்தான். போன் மாறினால் ஐடியும் மாறும், பழைய பாஸ்வேர்ட் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஆனால் பதிவு இல்லாத முகவரியிலிருந்து வரும் மெயில் லிஸ்டுக்குப் போகாது. காத்திருப்பில் நிற்கும். லிஸ்டைப் பார்த்துக்கொள்பவர் 'அனுமதி' அழுத்தினால்தான் எல்லோருக்கும் போகும், தேடினாலும் கிடைக்கும்.

பார்த்துக்கொள்பவர் நான்.

இத்தனை மெயில் நிற்கிறது என்று தினமும் காலையில் ஒரு நினைவூட்டல் வரும். திறந்தால் முக்கால்வாசி லோன் விளம்பரம். எரிச்சல் தாங்காமல் போன வருஷம் அந்த நினைவூட்டலையே நேராகக் குப்பைக்குப் போகிற மாதிரி வைத்துவிட்டேன்.

மதியம் திறந்தேன். 217 நிற்கிறது. அதில் அவருடையது. "நாலாம் பிரஸ்ல கை உள்ள இருந்தாலும் சில நேரம் நிக்க மாட்டேங்குது. சென்சார் பாக்கவும்." அவ்வளவுதான். கீழே இரண்டு பட்டன். அனுமதி. அழி.

அடிப்பாவி. அடிப்பாவி நீ!

பிப்ரவரி 10

ஆனந்திடம் சொன்னேன். "அழிச்சிடு. நான்தான் வீட்ல உக்காந்திருக்கேன், நீயும் உக்காந்தா?" என்றார். கெட்டவர் இல்லை, பயந்துபோயிருக்கிறார். எனக்கு அதைவிடப் பயம். போலீஸ் வருமா? கேஸ் என் மேலேயே திரும்புமா? சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அழித்துவிட்டால் நான் கையெழுத்து போட்டது உண்மையாகிவிடும். எவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 11

'அழி' மேல் மவுஸை வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். பயமா இருக்கு. பயமா இருக்கு.

பிப்ரவரி 12, வியாழன்

நாளை கடைசி விசாரணை. வெங்கடம்மா இன்றும் கேட்டில் நின்றார். "கெடைச்சுதாம்மா?" இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டினேன்! எப்படி ஆட்டினேன்? "பரவால்ல விடுங்க, நீங்களாவது தேடுனீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே வந்து உட்கார்ந்தேன். மூன்று பத்துக்கு 'அனுமதி' அழுத்தினேன்.

ஜனவரி 9 தேதியோடு முன்னூற்று நாற்பது பேருக்கும் போயிற்று. டேபிளுக்கு டேபிள் டிங் டிங் என்று சத்தம். பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, இந்த மெயில் முப்பத்து நாலு நாள் என்னிடம் நின்றது, நான் பார்க்கவில்லை என்று என் பெயரில் இன்னொன்று போட்டேன். அதற்குள் சார் கூப்பிட்டுவிட்டார்.

பிப்ரவரி 13

மெமோ கொடுத்துவிட்டார்கள். கூப்பிடும் வரை வர வேண்டாம். சார் என் முகத்தையே பார்க்கவில்லை. திம்மப்பனை அனுப்புகிற பேச்சு நின்றுவிட்டதாம். ஆனந்த் தோசை ஊற்றி வைத்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

செருப்பால் அடித்தாலும் சரி என்று கெலமங்கலம் போனேன். தெருமுனையில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

திம்மப்பன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெங்கடம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே நின்றார். "நான் அன்னைக்கே பாத்திருந்தா" என்று ஆரம்பித்ததுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அழாதீங்க மேடம். உண்மையச் சொன்னீங்கல்ல" என்றார் திம்மப்பன். என்னைக் குற்றம் சொல்வதற்காக இல்லை, சும்மா பேச்சுவாக்கில்தான் அப்புறம் சொன்னார்.

"மெயில் போட்டு நாலு நாள்ல மெயின்டனன்ஸ்காரங்க வந்து மெஷினத் தொறந்தாங்க. ஆயில் மாத்த வந்தாங்களாம், எனக்கெங்க தெரியும்? மெயிலப் பாத்துட்டு சரி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்கு முன்ன பயந்து பயந்துதான் மேடம் கைய விடுவேன். அன்னையிலருந்து பயமில்லாம விட்டேன்."

வீட்டுக்கு வந்ததும், "திட்டினாங்களா?" என்று ஆனந்த் கேட்டார்.

இல்லை என்றேன்.