நாற்பத்தேழாவது புள்ளி

மாசி 16, செவ்வாய்

காலையில் பனி. மலை உச்சி தெரியவில்லை. மாவு புளித்துவிட்டது, தோசைதான்.

8.10க்கு போன் அலறல். ஈர்ப்பு அலை வந்திருப்பதாக அறிவிப்பு. எங்கோ இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியிருக்கலாமாம். எங்கே என்றால் வானத்தில் ஒரு பெரிய துண்டைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் அப்போதுதான் இருட்டுகிறது. அங்கே இருக்கும் எங்கள் தொலைநோக்கி அந்தத் துண்டு முழுவதையும் படம் பிடித்தது. பழைய படத்தில் இல்லாத வெளிச்சப் புள்ளிகளைக் கணினி பட்டியல் போடும். பாதி எனக்கு, பாதி நந்தினிக்கு. சிறுகோளா, பழைய நட்சத்திரமா, கண்ணாடியில் தூசா? சந்தேகப்பட்டுத் தள்ளிக்கொண்டே போனால் மிஞ்சுவதுதான் மோதலின் ஒளி. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.

நந்தினி சேர்ந்து எட்டு மாதம். செங்கம் ரோட்டில் அறை எடுத்து அங்கிருந்தே வேலை, எனக்கு வீட்டிலிருந்து. நான் தள்ளிய பட்டியலை இன்று மூன்று முறை திறந்திருக்கிறாள். யார் திறந்தாலும் பதிவாகும். என் குப்பையில் இவளுக்கு என்ன வேலை?

மார்ச்சுக்குப் பிறகு எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை. குழுத் தலைவர் சார் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்கு என் பட்டியலில் 47. மங்கலான கேலக்ஸி, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி. நகரவில்லை. பழைய படத்தில் இல்லை. நல்ல புள்ளி. வேண்டுமென்றே தள்ளினேன், காரணம் எழுதாமல். எடுத்துத் தன் பெயரில் அனுப்புகிறாளா பார்ப்போம். காலையில் நானே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பால், துணி சோப்பு, கேஸ் புக் பண்ண.

மாசி 17, புதன். பௌர்ணமி

இப்போதே வெயில் சுள்ளென்று.

9 மணி. 47ஐத் திறந்து பார்த்திருக்கிறாள். எடுக்கவில்லை. கமுக்கம். சாரிடம் தனியாகப் பேசிவிட்டாளோ? நேற்று அவர் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டதே எனக்குச் சரியாகப் படவில்லை.

கணவரிடம் சொன்னேன். "நேரா கேட்டுடேன். மனசுலயே வெச்சிக்கினு எதுக்கு எம்மேல எரிஞ்சி விழற?" கலெக்டர் ஆபீஸ்காரர், எல்லாவற்றுக்கும் மனு கொடுத்தால் போதும் என்று நினைப்பு.

47ஐ எடுக்கக் கை போனது. சாயங்காலம் வரை பொறுத்தால் பிடிபடுவாள் என்று விட்டேன்.

மளிகைக் கடையில் ஓர் ஆட்டோக்காரர்: "இந்த வாட்டி கூட்டம் ஜாஸ்தி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க."

நாலு மணிக்கு நெட் போய்விட்டது. கிரிவலம் வந்த அத்தனை பேர் கையிலும் போன். திரையில் வட்டம் சுற்றுகிறது, நிற்கவே இல்லை. தொலைநோக்கி இருக்கும் இடத்திலும் இன்று முழு நிலா. அந்த வெளிச்சத்தில் இனி மங்கல் புள்ளி எதுவும் பிடிபடாது. 47 இன்னும் தள்ளியபடியே கிடக்கிறது.

மாசி 18, வியாழன்

நெட் வந்தது. முதல் செய்தியே அதுதான். தென் அமெரிக்காவில் வேறொரு குழு கண்டுபிடித்திருக்கிறது. அதே கேலக்ஸி, அதே ஓரம். மோதலின் ஒளிதான் என்று உறுதியும் செய்துவிட்டார்கள். எங்கள் படம் அவர்களுடையதைவிட ஏழு மணி நேரம் முந்தையது.

வாட்ஸ்அப் குழுவில் சார்: "47ஐத் தள்ளுனது யாரு?"

நான் பார்ப்பதற்குள் நந்தினி: "ரெண்டு பேரும்தான் பார்த்தோம் சார். என் தப்பும் இருக்கு."

இதிலும் ஏதோ உள்குத்து என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

அவளுக்குப் போன் செய்தேன். என் பட்டியலை எதற்கு அப்படித் திறந்து திறந்து பார்த்தாய்?

"நீங்க எப்டி தள்றீங்கன்னு பார்த்துதாங்க்கா கத்துக்கறேன். நீங்க எழுதற காரணத்தையெல்லாம் நோட்ல எழுதி வெச்சிப்பேன். 47க்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. எனக்கு நல்ல புள்ளியாத்தான் தெரிஞ்சுது. நீங்களே தள்ளிட்டீங்கன்னா எனக்குத் தெரியாதது ஏதோ இருக்கும்னு விட்டுட்டேன். என்ன காரணம்க்கா அது?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அழுகை. அவமானம். அவளைவிட என்னைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

சாருக்கு நாலு முறை எழுதி அழித்தேன். கடைசியில்: "நான்தான் சார். நல்ல புள்ளி என்று தெரிந்தே தள்ளினேன். நந்தினி மேல் தப்பில்லை." அனுப்பிவிட்டேன்.

நந்தினி மறுபடி கூப்பிடுகிறாள். எடுக்க வேண்டும்.